கர்ப்பிணி, கைம்பெண், தொற்றாளர்: திண்டுக்கல் சமவெளியில் எச்.ஐ.வி.யுடன் வாழும் தாய்மாரும் சமூக நலச் சேவைகளும் (1986–2021)

ஆய்வுச் சுருக்கம்

தமிழ்நாட்டில் எச்.ஐ.வி. தொற்றுடன் வாழும் தாயை அரசின் நலச் சேவைகள் ஒரே பெயரால் அழைக்கவில்லை. மகப்பேற்றுப் பிரிவில் அவர் கர்ப்பிணி. வட்டாட்சியர் அலுவலகத்தில் ஆதரவற்ற விதவை. கூட்டு மருந்து சிகிச்சை மையத்தில் தொற்றாளர். இப்பெயர்கள் ஒவ்வொன்றும் வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு நோக்கத்தில் உருவானவை. எந்தச் சேவையைத் தாய்மார் பயன்படுத்தினர், எதிலிருந்து விலகி நின்றனர் என்பதை அறியாமை, வறுமை ஆகிய காரணங்களால் மட்டும் விளக்கிவிட முடியாது. அச்சேவை அவர்களை எந்தப் பெயரில் அழைத்தது, அப்பெயரை யார் முன்னிலையில் சொல்ல வைத்தது என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும் என இக்கட்டுரை வாதிடுகிறது. திண்டுக்கல் நகரையும் அதைச் சூழ்ந்த சமவெளி வட்டாரங்களையும் களமாகக் கொண்டு, மாநில, தேசியத் திட்டங்களின் வரலாறு இங்கு ஆராயப்படுகிறது.

திறவுச் சொற்கள்: எச்.ஐ.வி., தாய்மை, நம்பிக்கை மையம், விதவை ஓய்வூதியம், திண்டுக்கல், காந்திகிராமம், சமூக நலம்.

முன்னுரை

இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று முதன்முதலாகக் கண்டறியப்பட்ட இடம் சென்னை, ஆண்டு 1986. சென்னை மருத்துவக் கல்லூரியின் நுண்ணுயிரியல் துறைப் பேராசிரியர் சுனிதி சாலமனின் வழிகாட்டலில், அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலா திரட்டிய குருதி மாதிரிகள் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் சோதிக்கப்பட்டன. அவற்றுள் ஆறு மாதிரிகளில் தொற்று இருப்பது தெரிந்தது. மாநிலச் சுகாதாரத் துறை அமைச்சர் எச்.வி. ஹண்டே அதனைச் சட்டமன்றத்தில் அறிவித்தார். அம்மாதிரிகள் பாலியல் தொழில் தொடர்பாகக் காவலில் வைக்கப்பட்டிருந்த பெண்களிடமிருந்து பெறப்பட்டவை. தமிழ்நாட்டில் இந்நோயின் பொது வரலாறு காவல் விடுதிப் பெண்ணிடமிருந்து தொடங்கியதால், அதன்பின் ஏறக்குறைய பத்தாண்டுகள் இல்லறத்தில் இருந்த பெண் அவ்வரலாற்றின் பார்வைக்குள் வரவில்லை.

1992இல் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் முதற்கட்டம் தொடங்கியது. 1994இல் தமிழ்நாடு மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் அமைந்தது. மாநில அளவில் இத்தகைய தனிச் சங்கத்தை அமைப்பதில் தமிழ்நாடு முன்னோடியாக இருந்தது. அக்காலத்துப் பரப்புரைகள் லாரி ஓட்டுநர், பாலியல் தொழிலாளர், இளைஞர் ஆகியோரை நோக்கியவை. 2000களின் தொடக்கத்தில் தமிழகமெங்கும் பேசப்பட்ட புள்ளிராஜா விளம்பரமும் ஆணைப் பற்றியதுதான். அந்தப் புள்ளிராஜாவுக்கு ஒரு மனைவி இருந்திருக்கக்கூடும் என்ற கேள்வியை அவ்விளம்பரம் எழுப்பவில்லை.

ஆனால் தொற்றின் போக்கை அளந்து காட்டியவர்கள் அந்த மனைவிமாரே. மகப்பேற்றுக்கு முந்தைய பரிசோதனைக்கு வரும் பெண்களின் குருதியைக் கொண்டுதான் பொது மக்களிடையே தொற்றின் அளவு மதிப்பிடப்பட்டது. தென் மாநிலங்களில் 15 முதல் 24 வயது வரையிலான கர்ப்பிணிகளிடையே தொற்று 2000இல் 1.7 விழுக்காடாக இருந்து 2004இல் 1.1 விழுக்காடாகக் குறைந்ததை 2006இல் லான்செட் இதழில் வெளிவந்த ஆய்வு காட்டியது. கர்ப்பிணி ஓர் அளவுகோலாகப் பயன்பட்டார். அளவெடுத்த பின் அவருக்கு என்ன கிடைத்தது என்பது வேறு கேள்வி.

தாய்–சேய் நலம் என்னும் பழைய தடம்

1985 செப்டம்பர் 15 அன்று மதுரை மாவட்டத்திலிருந்து பிரிந்து உருவானது திண்டுக்கல் மாவட்டம். கொடைக்கானல் மலையையும் சிறுமலையையும் நீக்கிப் பார்த்தால் எஞ்சுவது நிலக்கோட்டை, வத்தலக்குண்டு, ஆத்தூர், வேடசந்தூர், ஒட்டன்சத்திரம், நத்தம், பழனி எனப் பரந்த சமவெளி. நகரில் பூட்டுத் தொழிலும் தோல் பதனிடுதலும், வேடசந்தூர்ப் பகுதியில் நூற்பாலைகளும், ஒட்டன்சத்திரத்தில் கேரளத்துக்கு லாரி ஏற்றும் காய்கறிச் சந்தையும், நிலக்கோட்டையில் பூச்சந்தையும் உள்ளன. நெடுஞ்சாலைகளும் இருப்புப் பாதைகளும் கூடும் சந்திப்பாகத் திண்டுக்கல் விளங்குகிறது. ஆண்கள் பயணத்திலும் பெண்கள் ஆலையிலும் வயலிலுமாக இருக்கும் வட்டாரம் இது.

இவ்வட்டாரத்துக்குத் தாய்–சேய் நலப் பணியில் நீண்ட மரபு உண்டு. 1947இல் காந்திகிராமத்தை நிறுவிய டி.எஸ். சௌந்தரம், டி.வி. சுந்தரம் ஐயங்காரின் மகள். இளம் வயதில் கணவரை இழந்து, அதன் பின்னரே தில்லியில் மருத்துவம் பயின்றவர். கைம்பெண் என்னும் நிலை ஒரு பெண்ணின் வாழ்வை எவ்வளவு சுருக்கும் என்பதைத் தம் வாழ்விலேயே கண்டவர் எழுப்பிய நிறுவனம், மகப்பேற்று உதவியிலிருந்து தன் மருத்துவப் பணியைத் தொடங்கியது. அதுவே பின்னர்க் கஸ்தூர்பா மருத்துவமனையாக வளர்ந்தது. 1959இல் ஆத்தூர் ஒன்றியத்தில் காந்திகிராமம் தொடங்கிய முன்னோடிச் சுகாதாரத் திட்டம், குடும்ப நலப் பணியை ஊர் ஊராகக் கொண்டுசெல்லும் முறைக்கு இந்திய அளவில் எடுத்துக்காட்டாகப் பேசப்பட்டது. 1980இல் உலக வங்கி உதவியுடன் தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் தொடங்கியபோது அதற்கு முதற்களமாக அமைந்த கொட்டாம்பட்டி ஒன்றியமும் அன்றைய பிரிக்கப்படாத மதுரை மாவட்டத்தைச் சேர்ந்ததே. 1987இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம் வந்தது.

இந்த ஏற்பாடுகள் அனைத்துக்கும் பொதுவான இயல்பு ஒன்று உண்டு. கிராம சுகாதார செவிலியர் வீட்டுக்கு வருவார், கர்ப்பிணியின் பெயரைப் பதிவேட்டில் எழுதுவார், எடை பார்ப்பார், தடுப்பூசி போடுவார், மருத்துவமனைக்கு அனுப்புவார். செவிலியரும் அங்கன்வாடிப் பணியாளரும் ஊராரை நன்கு அறிந்தவர்கள். அந்த நெருக்கமே இம்முறையின் வலிமை. தமிழ்நாட்டில் மருத்துவமனைப் பிரசவம் பரவலானதற்கு இந்நெருக்கம் ஒரு முக்கியக் காரணம் எனலாம். எச்.ஐ.வி. வந்தபோது இதே நெருக்கம் எதிர்த்திசையில் வேலை செய்தது. இரத்தசோகையை ஊர்ச் செவிலியரிடம் சொல்லத் தயங்காத பெண், இத்தொற்றை அவரிடம் சொல்ல அஞ்சினார். அந்த அச்சம் செவிலியரின் நேர்மையைப் பற்றியது அன்று. செவிலியர் தம் வீட்டுக்கு வழக்கத்தைவிட ஒரு முறை கூடுதலாக வந்து போனாலே அண்டை வீட்டார் காரணம் கேட்பார்கள் என்பதைப் பற்றியது.

ஒரு மாத்திரையின் காலம்

சிகிச்சை எதுவும் இல்லாத நிலையில் தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்று செல்லும் வாய்ப்பு, பாலூட்டும் காலத்தையும் சேர்த்து, 15 முதல் 45 விழுக்காடு வரை என உலக சுகாதார நிறுவனம் கணிக்கிறது. 1999இல் உகாண்டாவில் நடந்த ஆய்வு, பிரசவ வலி தொடங்கும்போது தாய்க்கு 200 மில்லிகிராம் நெவிரபின் மாத்திரை ஒன்றும், பிறந்த 72 மணி நேரத்துக்குள் குழந்தைக்கு அதே மருந்தின் சொட்டும் கொடுத்தால் தொற்று ஏறத்தாழப் பாதியாகக் குறைவதைக் காட்டியது. மலிவானது, எளிதானது. இந்தியாவில் 2000இல் ஏ.இசட்.டி. மருந்தைக் கொண்டும் அடுத்து நெவிரபினைக் கொண்டும் சோதனை முயற்சிகள் நடந்தன. அவற்றைத் தொடர்ந்து, பெற்றோரிடமிருந்து குழந்தைக்குத் தொற்று பரவுவதைத் தடுக்கும் திட்டம் 2002 முதல் விரிவுபடுத்தப்பட்டது. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் பரிசோதனையும் ஆலோசனையும் வழங்கும் இடங்கள் 'நம்பிக்கை மையம்' என்னும் அழகிய பெயரைப் பெற்றன.

இத்திட்டத்தின் பெயரில் 'தாய்' என்பதற்கு மாற்றாகப் 'பெற்றோர்' என்ற சொல் இடம்பெற்றது கவனிக்கத்தக்கது. பழி முழுவதும் தாயின்மேல் விழக்கூடாது என்பது அதன் நோக்கம். சொல் மாறியது, ஆனால் பரிசோதிக்கப்பட்டவர் தாயே. பல குடும்பங்களில் தொற்று முதலில் வெளிப்பட்டது மனைவியின் கர்ப்பகாலப் பரிசோதனையில்தான். கணவரிடமிருந்து தொற்றைப் பெற்ற பெண்ணே, காகிதத்தில் முதலில் பதிவானவராதலால், தொற்றைக் கொண்டுவந்தவராகப் பார்க்கப்பட்டார். பரிசோதனையின் வரிசைமுறை குற்றச்சாட்டின் வரிசைமுறையாக மாறியது. இதனை வெறும் அறியாமை என ஒதுக்குவது போதாது; சேவையின் அமைப்பே இதற்கு இடமளித்தது.

அடுத்து, மருந்தின் கணக்கு. 2004 ஏப்ரல் 1 அன்று அரசு இலவசக் கூட்டு மருந்து சிகிச்சையைத் தொடங்கியபோது தமிழ்நாட்டில் அதற்கு முதன்மை இடமாக இருந்தது தாம்பரம் நெஞ்சக நோய் மருத்துவமனை. திண்டுக்கல்லிலிருந்து தாம்பரம் ஏறத்தாழ 400 கிலோமீட்டர். பின்னர் மதுரை அரசு இராஜாஜி மருத்துவமனை போன்ற இடங்களுக்கும், படிப்படியாக மாவட்டத் தலைமை மருத்துவமனைகளுக்கும் சிகிச்சை விரிந்தது. ஆயினும் அன்றைய விதிப்படி சிடி4 அணுக்களின் எண்ணிக்கை 200க்குக் கீழே இறங்கினால்தான், அல்லது நோய் முற்றிய அறிகுறிகள் தென்பட்டால்தான், சிகிச்சை தொடங்கும். ஆகவே, பிரசவத்துக்கு வந்த பெண்ணின் எண்ணிக்கை அதற்குமேல் இருந்தால் அவருக்குக் கிடைத்தது ஒரே ஒரு மாத்திரை. அதுவும் குழந்தைக்காக. மேலும், ஒற்றை வேளை நெவிரபின் எடுத்துக்கொண்ட தாய்மார் சிலரின் உடலில் அம்மருந்தை எதிர்க்கும் திறனுடைய வைரஸ் உருவாவதும், பின்னாளில் அவர்களுக்கே சிகிச்சை தேவைப்படும்போது அது தடையாவதும் தாய்லாந்தில் நடந்த ஆய்வின் வழியே 2004இல் வெளிப்பட்டன. சேயைக் காக்கக் கொடுத்த மருந்து தாயின் நாளைய மருந்தைப் பலவீனப்படுத்தியது.

தாய்–சேய் நலத்தில் தாய் எங்கே என்ற வினாவை ஆலன் ரோசன்ஃபீல்டும் டெபோரா மெய்னும் 1985இலேயே லான்செட் இதழில் எழுப்பியிருந்தனர். எச்.ஐ.வி. திட்டங்களைக் குறித்து அதே வினாவை ரோசன்ஃபீல்டு 2001இல் மீண்டும் எழுப்ப நேர்ந்தது. பதினாறு ஆண்டுகளுக்குப் பின்னும் வினா பழசாகவில்லை.

பாலூட்டல் இன்னொரு சிக்கல். தொடக்க ஆண்டுகளில், வசதியும் தூய நீரும் உள்ள தாய்க்குத் தாய்ப்பாலைத் தவிர்க்குமாறு ஆலோசனை கூறப்பட்டது. நகரத்துத் தனிக்குடும்பத்தில் இது இயலலாம். ஆத்தூரிலோ நத்தத்திலோ மாமியார், நாத்தனார், பக்கத்து வீட்டார் சூழப் பிரசவித்துத் திரும்பிய பெண் பிள்ளைக்குப் பால்கொடுக்காதிருந்தால் அதற்குக் காரணம் சொல்லியாக வேண்டும். புட்டிப்பால் தன்னளவிலேயே ஓர் அறிவிப்பாகிவிடும். மருந்தின் பாதுகாப்புடன் தாய்ப்பால் கொடுக்கலாம் என உலக சுகாதார நிறுவனம் 2010இல் வழிகாட்டிய பின்னரே இந்நெருக்கடி தளர்ந்தது.

2012இல் தமிழ்நாடு, கர்நாடகம், ஆந்திரம் ஆகிய மாநிலங்களில் பல மருந்துகள் கொண்ட முறை அறிமுகமாகத் தொடங்கியது. 2014 சனவரி முதல், சிடி4 எண்ணிக்கை எதுவாயினும் தொற்றுள்ள கர்ப்பிணிக்கு வாழ்நாள் சிகிச்சை என்பது நாடு முழுமைக்குமான கொள்கையாயிற்று. தொற்றுள்ள அனைவருக்கும் உடனடிச் சிகிச்சை என்பது 2017இல்தான் வந்தது. இடைப்பட்ட மூன்றாண்டுகளில், சிடி4 கணக்கைக் கடந்து சிகிச்சை பெறும் உரிமை ஒரு பெண்ணுக்குக் கருவுற்றதன் வழியே கிடைத்தது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

கைம்பெண் என்னும் வாயில்

கணவர் இறந்தபின் அப்பெண் வேறொரு துறையின் முன் நின்றார். 2006இல் ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் ஆதரவில் தமிழ்நாடு உள்ளிட்ட ஆறு மாநிலங்களில் நடந்த ஆய்வு, தொற்றுள்ள கைம்பெண்களில் 79 விழுக்காட்டினர் கணவரின் சொத்தில் பங்கு மறுக்கப்பட்டதாகக் கூறியதைப் பதிவுசெய்தது. பத்தில் ஒன்பது பேருக்கும் மேலாகப் புகுந்த வீட்டை விட்டு வெளியேறியிருந்தனர். 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி முதல் வகுப்பு வாரிசு. சட்டம் கொடுத்ததை வீடு கொடுக்கவில்லை.

பிறந்தகம் திரும்பிய பெண்ணுக்குத் திறந்திருந்த கதவுகளுள் ஒன்று 1975இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய ஆதரவற்ற விதவைகள் ஓய்வூதியத் திட்டம். 2011இல் இத்தொகை மாதம் 1,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் என மூன்று படிகளைக் கடந்து பெறவேண்டிய தொகை. கணவரின் இறப்புச் சான்றிதழ் வேண்டும். ஆதரவில்லை என்பதை நிறுவ வேண்டும். ஆனால் கணவர் எந்த நோயால் இறந்தார் என்பது ஓய்வூதியத்துக்கான தகுதி அன்று. கைம்பெண் என்ற பெயர் தமிழ்ச் சமூகத்தில் இழிவுகளைச் சுமந்த பெயர்தான். எனினும், எச்.ஐ.வி. என்னும் பெயரோடு ஒப்பிட அது பாதுகாப்பானது. ஓர் இழிவு மற்றோர் இழிவை மறைக்கும் திரையாகப் பயன்பட்டது.

நியாயவிலைக் கடையும் அத்தகையதே. பல மாநிலங்களில் வறுமைக் கோட்டைக் கொண்டு அட்டைகள் பிரிக்கப்பட்டபோதும் தமிழ்நாடு பொது வழங்கலை அனைவருக்கும் உரியதாகவே வைத்திருந்தது. 2011 முதல் அரிசி விலையின்றியும் வழங்கப்படுகிறது. எச்.ஐ.வி. உள்ளோருக்கு முன்னுரிமை அட்டை என்று தனியே எதையும் கேட்டு நிற்கத் தேவையில்லாத மாநிலம் இது. இங்குச் சிக்கல் வேறிடத்தில் இருந்தது. புகுந்த வீட்டுக் குடும்ப அட்டையிலிருந்து பெயரை நீக்கி வாங்கி வந்தால்தான் புதிய அட்டை கிடைக்கும். பெயரை நீக்க, விரட்டிய குடும்பத்தின் ஒத்துழைப்பு வேண்டும்.

இத்தகைய தாள்களைப் பெறுவதில் உதவியவை பெரும்பாலும் தொற்றுள்ளோரே அமைத்த கூட்டமைப்புகள். 1997இல் எச்.ஐ.வி. உள்ளோருக்கான இந்தியக் கூட்டமைப்பும், 1998இல் நாமக்கல்லைச் சேர்ந்த பெ. கௌசல்யா உள்ளிட்ட பெண்கள் நிறுவிய பாசிட்டிவ் பெண்கள் கூட்டமைப்பும் சென்னையில் தோன்றின. காலப்போக்கில் மாவட்டந்தோறும் இத்தகைய அமைப்புகள் உருவாயின. நம்பிக்கை மையத்தின் ஆலோசகருக்கும் வட்டாட்சியர் அலுவலகத்துக்கும் இடையே எந்த அரசுத் துறையும் போடாத பாலத்தை இவை போட்டன. இதனை அரசின் எய்ட்ஸ் வரலாற்றில் ஓர் அடிக்குறிப்பாக எழுதுவது பொருந்தாது.

நோயின் பெயரைக் கேட்கும் படிவங்கள்

2009இல் எய்ட்ஸால் பாதிக்கப்பட்ட குழந்தைகளுக்கான அறக்கட்டளையைத் தமிழ்நாடு அரசு 5 கோடி ரூபாய் வைப்புநிதியுடன் தொடங்கியது. அதன் வட்டி குழந்தைகளின் கல்விக்கும் ஊட்டத்துக்கும் செலவிடப்பட்டது. இந்தியாவில் முன்மாதிரியான முயற்சி இது. இங்கும் பயனாளி குழந்தை. தாய் அதனைப் பெற்றுத் தருபவர். ஆயினும் சிகிச்சை மையத்தை ஒட்டியே இவ்வுதவி நடந்ததால் புதிதாக எவரிடமும் நோயைச் சொல்ல வேண்டிய கட்டாயம் குறைவு.

2011இல் கொண்டுவரப்பட்ட முதலமைச்சரின் உழவர் பாதுகாப்புத் திட்டம் இதற்கு மாறானது. சிறு விவசாயிகளும் வேளாண் கூலிகளும் காசநோய், புற்றுநோய், எச்.ஐ.வி. போன்றவற்றால் தற்காலிகமாக உழைக்க இயலாதபோது மாத உதவி வழங்குவதற்கு இத்திட்டத்தில் இடமுண்டு. திண்டுக்கல் சமவெளியின் வேளாண் கூலிப் பெண்களுக்கு மிகவும் பொருத்தமான ஏற்பாடு என்றே இதனைக் கருதலாம். ஆனால் இது வருவாய்த் துறை வழியே செல்வது. நோயின் பெயர் எழுதிய மருத்துவச் சான்று, விண்ணப்பதாரரின் ஊரையும் உறவையும் அறிந்த மேசைகளைக் கடந்து போகவேண்டும். கைம்பெண் ஓய்வூதியமும் இதே மேசைகளைத்தான் கடக்கிறது. ஆனால் வேறு பெயரில் கடக்கிறது.

மருந்து வாங்கும் பயணத்திலும் இதே தர்க்கம் செயல்படுகிறது. சிகிச்சையை ஊருக்கு அருகில் கொண்டுவர இணைக் கூட்டு மருந்து மையங்கள் தொடங்கப்பட்டன. தொலைவைக் குறைப்பது நல்ல நோக்கமே. ஆனால் தொலைவு சிலருக்குச் செலவு, சிலருக்கு மறைவிடம். தெரிந்த முகங்கள் வரும் வட்டார மருத்துவமனையைத் தாண்டி, யாரும் யாரையும் அறியாத பெருநகர மருத்துவமனைக்குச் செல்வதைத் தொற்றுள்ளோர் விரும்புவது பல நாடுகளின் ஆய்வுகளில் காணப்படும் நடத்தை. அருகமை என்பதை மட்டுமே சேவையின் தரமாகக் கொள்ளும் திட்டமிடல் இதனைக் காணத் தவறுகிறது. இந்நோக்கில், 2021 மே மாதம் நடைமுறைக்கு வந்த மகளிருக்கான கட்டணமில்லா நகரப் பேருந்துப் பயணம் எச்.ஐ.வி.க்கான திட்டம் அல்ல என்றாலும், இத்தாய்மாருக்குப் பொருந்தும் திட்டங்களுள் ஒன்று. சுற்றியுள்ள ஊர்களிலிருந்து திண்டுக்கல் நகருக்கு வரும் பெண்ணிடம் நடத்துநர் பயணச்சீட்டைக் கொடுக்கிறார். எதற்குப் போகிறீர்கள் என்று கேட்பதில்லை.

சாத்தூர் வழக்கும் 2017ஆம் ஆண்டுச் சட்டமும்

சேவைகளின் இந்த அளவுகோலை எதிர்ப்புறத்திலிருந்து காட்டும் நிகழ்வு திண்டுக்கல்லுக்குத் தெற்கே, விருதுநகர் மாவட்டத்தில் நடந்தது. 2018 டிசம்பரில் சாத்தூர் அரசு மருத்துவமனையில் இரத்தசோகைக்காகக் குருதி ஏற்றப்பட்ட கர்ப்பிணி ஒருவருக்கு அதன் வழியே எச்.ஐ.வி. தொற்றியது. மதுரையில் உரிய சிகிச்சையுடன் நடந்த பிரசவத்தில் பிறந்த குழந்தை தொற்றின்றிப் பிழைத்தது. சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2019இல் அப்பெண்ணுக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடும், வீடும், அரசுப் பணியும் வழங்க ஆணையிட்டது. தவறிழைத்தது அரசின் சேவை என்பதால் இழப்பீடு முறையானது. ஆயினும் நீதிமன்றம் வகுத்த பட்டியலை நோக்கினால், எச்.ஐ.வி.யுடன் வாழும் எந்தத் தாய்க்கும் தேவைப்படுவன இவையே: பணம், குடியிருக்க வீடு, வேலை. தொற்று எப்படி வந்தது என்ற விளக்கத்தை அவரிடம் யாரும் கேட்க முடியாத நிலையில், ஒரு தாயின் தேவை முழுமையாகக் கண்ணுக்குத் தெரிந்தது.

எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் (தடுப்பு மற்றும் கட்டுப்பாடு) சட்டம் 2017இல் நிறைவேறி, 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறைக்கு வந்தது. பாகுபாட்டைத் தடைசெய்வதோடு, பகிர்ந்து வாழும் குடும்ப வீட்டிலிருந்து தொற்றுள்ளவரை வெளியேற்றக் கூடாது என இச்சட்டம் கூறுகிறது. 2006ஆம் ஆண்டு ஆய்வு காட்டிய வெளியேற்றங்களுக்கு இது நேரடியான மறுமொழி. பெற்றோர் தம் இறப்புக்கோ இயலாமைக்கோ முன்பே குழந்தைக்குப் பாதுகாவலரை எழுத்தில் நியமிக்க வழிசெய்கிறது. பெற்றோரை இழந்த குடும்பத்தில் 12 வயதைக் கடந்த, வீட்டை நடத்தும் முதிர்ச்சியுள்ள மூத்த பிள்ளையைத் தம்பி தங்கையரின் பாதுகாவலராக ஏற்கவும் இடமளிக்கிறது. தாய் இறந்த பின்னும் இயங்கும் சேவையைச் சட்டம் இங்குதான் முதன்முறையாக எண்ணிப் பார்த்தது.

இச்சட்டம் தொற்றுள்ளவரின் அடையாளத்தை மறைத்து, வழக்கைப் புனைபெயரில் நடத்த அனுமதிக்கிறது. நீதிமன்றம் வரை வரும் பெண்ணுக்கு அந்தக் காப்பு உண்டு. அவ்வளவு தூரம் வருபவர் சிலரே. வேடசந்தூரிலோ நிலக்கோட்டையிலோ உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும் தாய் தம் சொந்தப் பெயரையும், கணவர் பெயரையும், தெருவையும், கதவு எண்ணையும் எழுதியாக வேண்டும். அப்படிவத்தில் புனைபெயருக்கு இடமில்லை.